பாடுகிற பிள்ளைக்குப் பணத்தையும் பேசுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் சிங்கப்பூரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன். இப்போது ஒரே ஒருவருக்குத்தான் கணக்கு எழுதுகிறேன், என் இளைய மகளுக்கு. அவள் தமிழில் பாட்டு எழுதி, மெட்டமைத்து, தன் அறையிலேயே பதிவுசெய்து வெளியிடுகிறாள். பின்னால் எந்த இசை நிறுவனமும் இல்லை. வரவு செலவெல்லாம் என் 555 நோட்டில், அந்தச் சின்னக் கணக்குப் புத்தகத்தில், இருக்கிறது.

சென்ற ஆண்டு அவளுடைய 6 பாடல்களை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏறக்குறைய 21,000 தடவை கேட்டிருக்கிறார்கள். வந்த பணம் 38 வெள்ளி 40 காசு. பாடல்களைத் தளங்களில் ஏற்றித் தருபவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் 33 வெள்ளி. மிச்சம் 5 வெள்ளி 40 காசு. ஒரே ஒரு பாட்டுக்கு மிருதங்கம் வாசித்தவருக்கும் ஒலிக்கலவை செய்தவருக்கும் கொடுத்தது 650 வெள்ளி.

எங்கோ கணக்குத் தப்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். படித்துப் பார்த்த பிறகு புரிந்தது. ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று நிலையான கூலி கிடையாது. ஒரு நாட்டில் சேரும் சந்தா, விளம்பரப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, அங்கே எந்தப் பாட்டு எத்தனை தடவை ஒலித்தது என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்கள் அதிகம் இருப்பது இந்தியாவில். அங்கே சந்தா குறைவு, ஆகவே பங்கும் குறைவு. ஸ்பாட்டிஃபை என்ற தளத்தில் 2024 முதல், 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கே இல்லை.

சரி, அவள் எதில் பிழைக்கிறாள்? மேடையிலும் வகுப்பிலும்தான். கல்யாண வரவேற்பு, சமூக மன்ற நிகழ்ச்சி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு என்று நோட்டின் அந்தப் பக்கத்தில் 9,200 வெள்ளி இருக்கிறது. போதாததற்குப் பகுதிநேர வேலையும் பார்க்கிறாள். நம்மவர்கள் கைவைப்பது அந்தப் பக்கத்தில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற தீபாவளிக்கு ஒரு நிறுவனத்தின் விருந்தில் பாட அழைத்தார்கள். மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சாப்பாட்டுக்காரருக்குப் பணம், ஒலிபெருக்கிக்கு வாடகை, மேடையில் பூ அலங்காரம், எல்லாவற்றுக்கும் ரசீது போட்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் பாடினாள். முடிந்ததும் ஏற்பாட்டாளர் ஒரு இனிப்புப் பெட்டியைக் கொடுத்து, "தங்கச்சிக்கு நல்ல விளம்பரம் அங்கிள்" என்றார். கீழே டாக்சிக்கு நின்றபோது, கீபோர்டைத் தோளில் மாட்டியபடி அவள், "இதை நோட்டுல எழுத வேணாம்பா" என்றாள். போகவர டாக்சிக்கு மட்டும் 41 வெள்ளி. அதை எழுதினேன்.

அந்த ஏற்பாட்டாளர் கெட்டவர் இல்லை. பாட்டு இணையத்தில் ஓடுகிறது, அதில் காசு வருமே என்று நினைத்திருப்பார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் 38 வெள்ளிக் கணக்கை இங்கே எல்லாரும் பார்க்க வைத்தேன்.

இன்னொன்று. இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் இங்கே கம்பாஸ் என்ற சங்கம் 1987 முதல் இருக்கிறது. சொந்தப் பாட்டு வானொலியிலோ மேடையிலோ ஒலித்தால் உரிமைத்தொகையை வசூலித்துத் தருகிறது. மேடையில் என்னென்ன பாட்டு யார் எழுதியது என்ற பட்டியல் போய்ச் சேர்ந்தால்தான் உரியவருக்குப் பணம் வரும். நிகழ்ச்சி நடத்துபவர்கள் அந்த ஒரு தாளைப் பாடகரிடம் கேட்டு வாங்கி அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அப்புறம், 2025ல் 18 வயதை எட்டிய, அதற்கு மேற்பட்ட சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவிட அரசாங்கம் கொடுத்த எஸ்ஜி கல்ச்சர் பாஸ் 100 வெள்ளி, 2028 டிசம்பர் 31 வரை செல்லும். என் நண்பர்களில் பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை. நம் ஊர்த் தமிழ்க் கலைஞர்களின் நிகழ்ச்சி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் நான்கு பேர் என்றால் 400 வெள்ளி.

சென்ற மாதம் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு தம்பதியர் மகனின் வரவேற்புக்காகக் கூப்பிட்டார்கள். நாங்கள் வாய் திறக்கும் முன்பே தொகை எவ்வளவு என்று கேட்டு, பாதியை அன்றே பேநவ் வழி வங்கிக் கணக்குக்கு அனுப்பினார்கள். அந்தக் கல்யாணத்துக்கென்று என் மகள் இப்போது புதிதாக ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். பல்லவி முடிந்துவிட்டது.

ஓய்வுபெற்ற கணக்கர்,
ஈசூன்