வெறுங்கோபுரத்தில் கிடக்கும் நம் சேமலாபப் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் பாழ்பட்ட கட்டடங்கள் என்று பேச்சு வந்தால் எல்லோரும் கோட்டை வர்த்தகப் பகுதியைத்தான் காட்டுவார்கள். அங்கே 1996 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது, பிறகு பாதுகாப்பு வலயம், சோதனைச் சாவடி, வியாபாரிகள் ஒவ்வொருவராக இடம் மாறிப் போனார்கள். சரி, அதற்கு யுத்தம் என்று ஒரு காரணமாவது இருக்கிறது. ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியைத் திருத்தி 2011இல் கடைத்தொகுதியாக்கினார்களே, மனம் வைத்தால் முடியும் என்பதும் தெரிந்துபோனது.

ஆனால் கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம் நிற்கும் 47 மாடி ஹயாட் ஹோட்டலுக்கு யார் மேல் பழி போடுவது? தனியார் குழுமம் ஒன்று தொடங்கி, அது நொடிந்துபோனதும் வேலை நின்றது. 2011இல் குறைப்பயன்பாட்டுச் சொத்துகளைப் பொறுப்பேற்கும் சட்டத்தைக் கொண்டுவந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எடுத்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, அரசின் இன்ஷூரன்ஸ் கூட்டுத்தாபனத்தின் பணம், அரசின் லிட்ரோ கேஸ் கம்பனியின் பணம், அதோடு ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 500 கோடி ரூபா என்று அதற்குள் கொட்டினார்கள். மாதாமாதம் நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, முதலாளி 12 வீதம் சேர்த்துப் போடுகிற அதே நிதிதான். கடைப் பையனும் தோட்டத் தொழிலாளியும் இந்த ஹோட்டலுக்குப் பங்காளிகள், பாவம், அவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இவ்வளவு காலமாகியும் ஒரு விருந்தாளி அங்கே படுத்து எழும்பவில்லை.

வீட்டுப் பூச்சாடியில் தண்ணீர் நின்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து வழக்குப் போடுகிறார், டெங்கு என்றால் போடத்தான் வேண்டும். பாதியில் நிற்கிற கட்டடங்களின் நிலக்கீழ் தளங்களையும் அதே கண்டிப்போடு பார்க்கிறார்களா என்று மாநகர சபை சொல்லட்டும்.

விற்கப் போகிறோம் என்ற பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. விற்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதுவரை போட்ட மொத்தப் பணம் எவ்வளவு, இன்றைய மதிப்பீடு என்ன, வருகிற விலையில் சேமலாப நிதிக்கு எவ்வளவு திரும்பும், இதையெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று மொழியிலும் பத்திரிகையில் போட வேண்டும். அங்கத்தவர்களுக்குத் தருகிற கணக்கு மீதி அறிக்கையில் இந்தக் கட்டடத்துக்கென்று ஒரு வரி சேர்ப்பதும் பெரிய வேலையில்லை.

இப்படிக்கு,
சேமலாப நிதி அங்கத்தவர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06