தெற்கு வேலி எத்தனை அடி?

கொழிஞ்சாம்பாறை

அன்புக் கண்ணு,

நீ அனுப்பிய இடத்தின் ஆதாரத்தை, அதாவது கிரயப் பத்திரத்தை, படித்தேன். பரப்பு 4.05 ஆர், கிழக்கே ரோட்டோரம் 54 அடி, மேற்கே 45 அடி. தெற்கு, வடக்கு அளவுகளை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பிளான் போட அவை வேண்டும், கணக்கிலேயே எடுத்துவிடலாம்.

ஒரு ஆர் 100 சதுர மீட்டர். 4.05 ஆர் என்பது ஏறக்குறைய 10 சென்ட், அதாவது 4,356 சதுர அடி. ஆரில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தியதால் மூன்று சதுர அடி கூடித் தெரியும். நீளத்தில் அது ஒரு அங்குலம்கூட வராது.

கிழக்கும் மேற்கும் இணையாக இருந்தால் இடம் சரிவகம். பரப்பை இரட்டித்து, அந்த இரு பக்கங்களின் கூட்டுத்தொகையால் வகு: 8,712-ஐ 99-ஆல் வகுக்க 88 அடி. இது செங்குத்துத் தூரம், வேலியின் நீளம் என்று எடுத்துக்கொள்ளாதே. தெற்கு வேலி ரோட்டுக்குச் செங்குத்தாகப் போனால்தான் அதுவும் 88. வடக்கு வேலி 9 அடி உள்ளே சாய்வதால் 7,744-ஓடு 81-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடு. 88 அடி 5½ அங்குலம்.

இணையாக இருக்கிறதா என்பதை மட்டும் காகிதத்தில் பார்க்க முடியாது. நாலு பக்கமும் மாறாமலே இடம் சாயலாம், நன்றாகச் சாய்ந்தால் பரப்பு குறையும். எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கும் தரகர் கணக்கு, செவ்வகம் தவிர மற்ற எதற்கும் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பாதே.

அதனால் மூலைவிட்டம் பிடித்துப் பார். தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்கு 98 அடி 10 அங்குலம், வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு 103 அடி 3 அங்குலம் வர வேண்டும். தெற்கு மூலைகள் இரண்டிலும் ஒரு பக்கம் 12 அடி, மறுபக்கம் 16 அடி குறித்து, குறுக்கே 20 அடி வருகிறதா என்று மூலைமட்டமும் பார்த்துவிடு. டேப் தொய்யக் கூடாது. தரை சரிவானால் டேப்பை மட்டமாகப் பிடித்துத் துண்டு துண்டாக அள, பரப்பு என்பது மட்டத்தில் எடுப்பது. 54 அடி 6 அங்குலத்தை 54.6 என்று கால்குலேட்டரில் போடாதே, அது 54.5.

தெற்கு வேலி 86 அடிதான் இருந்தால், குறைவது 99 சதுர அடி, கால் சென்ட்டுக்குச் சற்றுக் கம்மி. அப்படி வந்தால் பிளானை நிறுத்திவை. தாலூக் சர்வேயர் வந்து அளக்கும்வரை கல்லையோ வேலியையோ யாரும் நகர்த்த வேண்டாம்.

அன்புடன்,
அப்பா