15 ஜிபிக்குள் ஒரு கடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சங்கரன்கோவிலில் தையல் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் ஜாக்கெட் அளவுகள் கூகுள் ஷீட்ஸில், தைத்து முடித்த டிசைன் படங்கள் கூகுள் போட்டோஸில், துணி வாங்கிய பில்கள் ஜிமெயிலில். வெளியூர்க்காரர்கள் மேப்ஸ் பார்த்துத்தான் கடைக்கு வருகிறார்கள். புதுக் கழுத்து டிசைன் கற்றுக்கொள்வது யூடியூபில். எல்லாமே பெரிய உதவி.

ஆனால் இத்தனைக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் அதில்தான் சேரும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அப்படியே. குரூப்பில் வரும் காலை வணக்க வீடியோக்களே பாதி இடத்தை அடைத்துவிடும். இடம் நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும். அப்புறம், இரண்டு ஆண்டு தொடாத கணக்கை நீக்கவும் விதி இருக்கிறது.

கூகுளின் டேக்அவுட் என்ற வசதியில் நம் படங்கள், கோப்புகள், மெயில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். எங்கள் கடைத்தெருவில் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் அது தெரியவில்லை. போனை நம்பித் தொழில் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்காக, இதை எப்படிச் செய்வது என்று படத்துடன் உங்கள் இதழில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தையல் கடை நடத்தும் வாசகி,
சங்கரன்கோவில்