அறிவியல் கண்காட்சி குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடி அணியும் பேச்சுப் போட்டிக்குப் போனவர்களும் பரிசோடு திரும்பினார்கள். மழைக்காலத்திலும் வருகை குறையவில்லை. அனைவருக்கும் பாராட்டுகள்.

சென்ற மாதம் நடந்த அறிவியல் கண்காட்சியைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மீன் அலசும் பழைய அலுமினியத் தட்டில் ஈர மணலைக் குழைத்துப் பெரிய பள்ளம் ஒன்றும் அதன் நடுவே சிறு குன்றும் செய்திருந்தாள். நிலவின் மறுபக்கத்தில் இருக்கும் சியோல்கோவ்ஸ்கி பள்ளம் அது. விண்கல் மோதி உண்டான அதன் குறுக்களவு சுமார் 185 கிலோமீட்டர். இராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். 1959 அக்டோபரில் சோவியத் விண்கலம் லூனா 3 எடுத்த படங்களில்தான் உலகம் அதை முதன்முதலில் பார்த்தது. ராக்கெட் அறிவியலின் முன்னோடியான ஒரு ரஷ்யப் பள்ளி ஆசிரியரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தட்டின் அடியில் இருந்த துளை வழியாக, ஊசி போடும் குழலால் கருப்பட்டிப் பாகை மெல்ல ஏற்றினாள். பாகு மணலுக்குள் ஊறி மேலே வந்து, பள்ளத்தின் தரையில் பரவி, குன்றைச் சுற்றிக் கறுப்பாக உறைந்தது. குன்று தீவுபோல நின்றது. “மேலேயிருந்து ஊற்றியிருக்கலாமே?” என்று கேட்டேன். “எரிமலைக்குழம்பு நிலவுக்கு உள்ளேயிருந்துதானே வந்தது, டீச்சர்” என்றாள். மறுபக்கத்தில் மேலோடு தடிமனாக இருப்பதால் இப்படிக் குழம்பு நிரம்பிய இடங்கள் அங்கே குறைவு என்பதையும் அவளே சொன்னாள்.

பக்கத்து மேசைகளில் கடையில் வாங்கிய மாதிரிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றில், சந்திரயான்-3 நிலவின் மறுபக்கத்தில் இறங்கியதாக அச்சிட்டிருந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று அது இறங்கியது நம் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில், தென் துருவத்தை ஒட்டிய பகுதியில். கேட்டதும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பிழை அவனுடையதன்று, அவன் கை அதில் படவே இல்லை.

நாலு பேர் முன்னால் பிள்ளை கூசி நிற்கக் கூடாது என்றுதான் வாங்கித் தருகிறீர்கள். கடலுக்குப் போக முடியாத நாட்களில் கைமாற்று வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு என்பதை அறிவேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்: விலைக்கு வாங்கிய மாதிரி எதுவும் இனிப் பள்ளி மேசையில் வைக்கப்படாது. அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. விலக்குக் கேட்டு யாரும் வர வேண்டாம்.

கோணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததையே அனுப்புங்கள். மணல், கிளிஞ்சல், பனையோலை, அறுந்த வலை என்று நம் வீட்டு வாசலிலேயே வேண்டியது கிடக்கிறது. ஆணியால் துளை மட்டும் போட்டுக் கொடுத்து மீதியை மகளிடம் விட்ட அந்தத் தகப்பனாருக்கும், பாகு காய்ச்சும்போது அடுப்படியில் துணை நின்ற தாயாருக்கும், வலை வேலையைப் போட்டுவிட்டுக் கண்காட்சிக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அந்தத் தட்டு என் அறை அலமாரியில் இருக்கிறது. எறும்பு ஏறாமல் இருக்கச் சுற்றிலும் மஞ்சள்தூள் தூவியிருக்கிறோம். மதிப்பெண் அட்டை வாங்க வரும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை