செல்லோ வாசிப்பவர் எந்த நாற்காலியிலிருந்து வருகிறார்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நிகழ்ச்சிக் கையேட்டில் செல்லோ (உட்கார்ந்து, கால்களுக்கு இடையில் வைத்து வில்லால் வாசிக்கும், வயலின் வகையைச் சேர்ந்த பெரிய வாத்தியம்) கலைஞர்களைப் பற்றி நாங்கள் அச்சிடும் அரைப் பக்கக் குறிப்பைப் படித்துவிட்டு, "இத்தனை பெயர்களை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். எந்த இசைக் கல்லூரி, யார் யாரிடம் பாடம், எந்தப் போட்டியில் பரிசு என்று ஒரே மூச்சில் ஓடும் குறிப்பு அது. இந்தப் பருவத்திலிருந்து அதை வேறு மாதிரி எழுதப் போகிறோம். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் ஐந்து தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய சி மேஜர் ஐவர் இசையும் இந்தப் பருவத்தில்தான் மேடையேறுகிறது. அதில் இரண்டு செல்லோக்கள். வாசிக்கப்போகும் இருவரும் வெவ்வேறு பாதையில் வந்தவர்கள். விளக்கம் சொல்ல இதுவே தோதான சமயம்.

நால்வர் குழுவில் (இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, ஒரு செல்லோ) முதல் வயலின் சறுக்கினால் அரங்கத்துக்கே தெரியும். செல்லோ சறுக்கினால் பக்கத்தில் இருக்கும் மூவருக்குத்தான் முதலில் உறைக்கும், ஏனென்றால் அவர்கள் தங்கள் சுரத்தை அதன்மேல்தான் வைக்கிறார்கள். அதனால் ஒரு செல்லோ கலைஞரை அழைக்கும்முன் நாங்கள் விசாரிப்பது இதைத்தான்: இதுவரை யார் பக்கத்தில், எந்த நாற்காலியில், எவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தார்?

பல பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் சிம்ஃபனி இசைக்குழுவிலிருந்து வருபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இடம் பிடிப்பதே பெரும்பாடு. பல இசைக்குழுக்களில் முதல் சுற்றில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். நடுவர்களுக்கு முகம் தெரியாது. கேட்கப்படும் பகுதிகள் செல்லோக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பீத்தோவனின் ஐந்தாவது சிம்ஃபனியில் இரண்டாம் பகுதியின் தொடக்கம் அவற்றில் ஒன்று. வயோலாக்களும் செல்லோக்களும் ஒன்றாகச் சேர்ந்து, மெல்லிய குரலில், இனிமையாக வாசிக்க வேண்டிய மெட்டு. தேர்வில் அதை ஒருவர் தனியாக வாசிக்கிறார். கூட்டத்துக்கு எழுதிய மெட்டைத் தனியாளாக வாசித்து, கூட்டத்தில் தன்னால் கரைய முடியும் என்று காட்ட வேண்டும். பிராம்ஸின் இரண்டாவது சிம்ஃபனியின் மெதுவான பகுதியும், டெபுசியின் 'கடல்' படைப்பில் செல்லோக்கள் பல குரல்களாகப் பிரியும் இடமும் இதே பட்டியலில் உண்டு. இந்தச் சல்லடையில் தேறியவருக்குத் தாளம் அசையாது. வில்லை மேலே தள்ளுவதா கீழே இழுப்பதா என்பதை முதல் நாற்காலிக்காரர், அதாவது செல்லோக்காரர்களுக்குத் தலைமை தாங்குபவர், குறித்துக் கொடுப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்காமல் அப்படியே செய்வார்கள்.

சிக்கலும் அங்கேதான். நால்வர் குழுவில் குறித்துக் கொடுக்க ஆளில்லை. ஒவ்வொரு வில்லோட்டத்துக்கும் வாதாட வேண்டும், தோற்றால் மனம் கோணாமல் மாற்றிக்கொள்ள வேண்டும். அதனால்தான் புதிய ஆளைச் சேர்க்கும் நால்வர் குழுக்கள் ஒரே ஒரு தேர்வோடு நிறுத்துவதில்லை. சேர்ந்து வாசித்துப் பார்ப்பார்கள், சேர்ந்து சாப்பிட்டும் பார்ப்பார்கள்.

இசைக்குழுவில் பழகிய கை, சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் அறை இசைக்கு ஒத்துவராது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பால் வாட்கின்ஸ் 20 வயதில் பிபிசி சிம்ஃபனி இசைக்குழுவின் முதல் செல்லோ கலைஞர். 2013 முதல், 2023இல் குழு விடைபெறும் வரை, எமர்சன் நால்வர் குழுவில் வாசித்தார். டோக்கியோ நால்வர் குழுவில் 1999 முதல் 2013 வரை இருந்த கிளைவ் கிரீன்ஸ்மித், அதற்கு முன் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக்கில் முதல் நாற்காலியில் இருந்தவர். பீட்டர் வைலியின் கதை இன்னும் சுவையானது. இளம் வயதிலேயே சின்சினாட்டி சிம்ஃபனியின் முதல் செல்லோ, 1987 முதல் போ ஆர்ட்ஸ் மூவர் குழு, பிறகு 2001இல் குவார்னெரி நால்வர் குழுவில் தன் ஆசிரியர் டேவிட் சோயர் ஓய்வுபெற்று எழுந்த அதே நாற்காலி. ஆசிரியர் பெயரைக் கையேட்டில் போடுவதற்கு இப்படிப்பட்ட காரணம் இருந்தால் போடலாம். மற்றபடி, பிரபல கலைஞர் ஒருமுறை நடத்தும் ஒரு மணி நேர மாஸ்டர் கிளாஸில் உட்கார்ந்துவிட்டு வந்ததுகூட "அவரிடம் பயின்றவர்" என்று அச்சேறிவிடுகிற காலம் இது.

போட்டிப் பரிசுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரல் சுத்தத்துக்கும் நெஞ்சுரத்துக்கும் அவை சாட்சி, அவ்வளவுதான். தனிக் கச்சேரிக்குப் பிறந்தவர் குழுவில் தங்கமாட்டார் என்பதற்கு போரோடின் நால்வர் குழுவைச் சொல்வார்கள். தொடக்கத்தில் அங்கே செல்லோ வாசித்தவர், பின்னாளில் தனிக் கச்சேரிகளால் உலகப் புகழ்பெற்ற ராஸ்ட்ரபோவிச். அப்போது அவர் இளைஞர். சில வாரங்களில் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த வாலன்டின் பெர்லின்ஸ்கி 1945 முதல் 2007 வரை அங்கேயே இருந்தார். போட்டி நடுவர் யாரும் இப்படிப்பட்ட ஆளை ஓரிரு சுற்றில் கண்டுபிடித்துவிட முடியாது.

மூன்றாவதாக, பழங்கால வாத்தியப் பின்னணி, அதாவது பழைய இசையை அந்தக் காலத்து வடிவ வாத்தியங்களிலேயே வாசிப்பவர்கள். இவர்களிலும் பலர் சிம்ஃபனியிலிருந்து கிளம்பியவர்களே. நிக்கோலஸ் ஆர்னன்கூர் 1952 முதல் 1969 வரை வியன்னா சிம்ஃபனியில் செல்லோ வாசித்துக்கொண்டே, 1953இல் கான்சென்டஸ் மியூசிகஸ் குழுவைத் தொடங்கினார். ஆனர் பில்ஸ்மா ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌ இசைக்குழுவில் 1962 முதல் 1968 வரை முதல் செல்லோ. அவர்கள் வாசிக்கும் பரோக் செல்லோவுக்கு (பழைய வடிவச் செல்லோ) தரையில் ஊன்றும் கம்பி கிடையாது. கெண்டைக்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். ஆட்டுக்குடலில் முறுக்கிய தந்தி உலோகத் தந்தியைப் போல நாதத்தை நீட்டித் தராது. எனவே இவர்கள் வாசிப்பில் ஒவ்வொரு வில்லும் பேச்சில் ஒரு சொல் போலத் தொடங்கி ஓயும். உலோகத் தந்திக்கு மாறினாலும் அந்தக் கைப்பழக்கம் போவதில்லை, அதனால் இவர்களோடு சேரும் வயலின்காரர்கள் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கும்.

வாசிப்பவரின் வேலை படைப்பையே மாற்றியதும் உண்டு. இரண்டு செல்லோ ஐவர் இசையை நூற்றுக்கும் மேல் எழுதிக் குவித்த இத்தாலிய இசையமைப்பாளர் போக்கரீனி தானே செல்லோக்காரர். ஸ்பெயின் இளவரசர் டான் லூயிஸிடம் அவர் 1770இல் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு நால்வர் குழு இருந்தது. ஐந்தாவது ஆளாகத் தானும் உட்கார்ந்துகொண்டார், இரண்டாம் செல்லோ உள்ளே வந்தது. (மோட்சார்ட்டின் கடைசி மூன்று நால்வர் படைப்புகளில் செல்லோவுக்கு அத்தனை மரியாதை கிடைத்ததற்குக் காரணம், அவற்றை எழுதும்போது அவர் மனத்தில் வைத்திருந்த பிரஷ்ய மன்னர் செல்லோ வாசிப்பவர் என்பது. வாடிக்கையாளரின் ரசனையை மதிப்பது எங்கள் காலத்துப் பழக்கம் மட்டுமல்ல போலும்.)

இனி எங்கள் ஷூபர்ட். 1828இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு முடித்த படைப்பு. மோட்சார்ட் தன் ஐவர் இசையில் இரண்டாவது வயோலா சேர்த்தார். ஷூபர்ட் இரண்டாவது செல்லோ சேர்த்தார். முதல் பகுதியில் இரு செல்லோக்களும் ஜோடியாகப் பாடும் மெட்டு ஒன்று வரும். அங்கே இருவரும் சமம். அடுத்து வரும் மெதுவான பகுதியில் பாதைகள் பிரிகின்றன. முதல் செல்லோ, இரண்டாம் வயலின், வயோலா மூன்றும் நடுவில் நீண்ட சுரங்களை ஏந்திப் பிடிக்கும். இரண்டாம் செல்லோ அடியில் வில்லில்லாமல் தந்தியை மீட்டிக்கொண்டிருக்கும். அடிகளுக்கு இடையே அவ்வளவு வெற்றிடம் இருப்பதால், மீட்டல் ஒரு இம்மி முந்தினாலும் மேலே இருப்பவர்களின் மூச்சு கலைந்துவிடும்.

ஆகவே, நீண்ட காலம் சிம்ஃபனியில் வாசித்தவரை இரண்டாம் செல்லோவிலும், நால்வர் குழுவிலேயே வளர்ந்தவரை முதல் செல்லோவிலும் அமர்த்தியிருக்கிறோம். முன்னவருக்குத்தான் பெயர் அதிகம். பெயரைப் பார்த்து நாற்காலி போட்டிருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும். அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, இரண்டாம் செல்லோ கிடைக்காவிட்டால் வந்திருக்கவே மாட்டேன் என்றார்.

புதிய கையேட்டில் ஒவ்வொரு செல்லோ கலைஞருக்கும் எட்டு வரிக்கு மேல் இருக்காது. எந்தக் குழுவில், எந்த நாற்காலியில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பது முதலில் வரும். ஆசிரியர் பெயர், முழுப் படிப்பும் அவரிடம் முடித்திருந்தால் மட்டும். பரிசுகளுக்கு ஒரே வரி. அன்று வாசிக்கும் செல்லோ அவருடையதா, இரவல் வாத்தியமா என்பதையும் சேர்க்கிறோம். இடைவேளையில் நீங்கள் அதிகம் கேட்பது அதைத்தானே.

கலைஞர் யாராவது உடல்நலம் காரணமாக மாற நேர்ந்தால், பதிலாக வருபவரின் எட்டு வரியைச் சீட்டு வாங்கிய அனைவருக்கும் உடனே அனுப்பிவைப்போம். அதைப் பார்த்துவிட்டு வர விருப்பமில்லாதவர்கள் நிகழ்ச்சி தொடங்கும்முன் சொன்னால், முழுப் பணமும் திருப்பித் தரப்படும்.

அன்புடன்,
நிகழ்ச்சி ஏற்பாட்டுக் குழுவினர்