பூட்டிய நூலகத்தைப் பேசவைத்தவர்களுக்கு நன்றி

மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி என்ற இலக்கியச் சங்க நூலகத்தின் ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும், திரை வழியே பேச வந்த அறிஞர்களுக்கும், புத்தகங்களைத் தத்தெடுத்த அன்பர்களுக்கும் வணக்கம்.

2020 மார்ச் கடைசி வாரத்தில் ஊரடங்கு வந்தபோது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் ஆள் நடமாட்டமே நின்றுபோனது. டி.பி.ஐ. எனப்படும் பள்ளிக் கல்வித் துறை அலுவலக வளாகத்தில் நிற்கும் நம் செந்நிறக் கட்டடத்தின் கதவும் மூடியது. உறுப்பினர்களின் சந்தாவையும் புத்தகப் பிரியர்களின் நன்கொடையையும் நம்பி நடக்கிற நூலகம் அது. வாசகர் வராமல் ஓராண்டு போனால் சந்தா குறையும், சந்தா குறைந்தால் சம்பளம் எங்கிருந்து வரும் என்று உறுப்பினர்கள் பலரும் கவலைப்பட்டோம். அந்தக் காலத்தைக் கடந்து நூலகம் இன்றும் திறந்திருக்கிறது என்றால் அது உங்களால்தான். இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதல் நன்றி ஊழியர்களுக்கு. மூடிய அறையில் பழைய புத்தகம் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். வெயில் காலத்தில் தாள் முறுகிப் பொடியும்; மழை வந்தால் பூஞ்சை பிடிக்கும்; அசந்தால் கரையான். நம் அலமாரிகளோ ஏணி போட்டு ஏறினால்தான் மேல்தட்டு எட்டும் என்கிற உயரம். அவற்றில் 1619இல் அச்சான அரிஸ்டாட்டிலின் நூல்தொகுதியும் இருக்கிறது. நிவர் புயல் வந்த அந்த நவம்பரில், ஜன்னல்களைச் சாத்தினார்களா, எங்காவது ஒழுகுகிறதா என்று வீட்டில் இருந்தபடி தவித்தேன். மறுபடி உள்ளே வந்தபோது புத்தகங்கள் இருந்த இடத்தில் இருந்தன. யார் வந்து பார்த்தார்கள், யார் தூசி தட்டினார்கள் என்று எந்த அறிவிப்பும் சொல்லவில்லை. அந்தக் கைகளுக்கு என் வணக்கம்.

ஆனால் புத்தகங்களைக் காத்ததோடு நீங்கள் நிற்கவில்லை. கூட்டங்களையும் காத்தீர்கள். என்னைப் பொறுத்தவரை அதுதான் இன்னும் பெரிய காரியம்.

இந்தச் சங்கம் 1812இல் தொடங்கியது. நீதிபதி ஜான் நியூபோல்ட் அதன் தலைவராக இருந்தார். தமிழ் கற்ற ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரையின் முயற்சியில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டுதான். ஆர்வமுள்ளவர்கள் ஓரிடத்தில் கூடி, கட்டுரை வாசித்து, வாதம் செய்வதற்காகவே இதை ஏற்படுத்தினார்கள். 1833 முதல் ஆய்விதழும் வெளிவந்தது. சங்கத்தினர் சேகரித்த சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகளைக் கொண்டுதான் 1851இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. இப்போது நாம் உட்காரும் கட்டடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கூடிப் பேசும் வழக்கம் அதற்கும் தொண்ணூறு ஆண்டு மூத்தது. கட்டடம் பூட்டிக் கிடந்தபோதும் அந்த வழக்கம் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

சூம் செயலியில் முதன்முதலாகக் கூடிய மாலையை மறக்க முடியாது. எழுபத்தைந்து வயதைக் கடந்த உறுப்பினர் ஒருவரின் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் திரையில் தெரிந்தன. "சார், போனைக் கொஞ்சம் கீழே சாயுங்கள், இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான், இப்போது நன்றாகத் தெரிகிறீர்கள்" என்று ஒரு தன்னார்வலர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெரியவர் முகம் தெரிந்ததும் மற்றவர்கள் கைதட்டினார்கள். பேச்சு தொடங்கப் பத்து நிமிடம் தாமதமானது, ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. மனைவியை இழந்து தனியாக இருந்த அவருக்கு அந்த வாரத்தில் நாலு முகத்தைப் பார்த்தது அன்று மட்டும்தான் என்று பிறகு சொன்னார். முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, இணைப்பை எப்படித் திறப்பது என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுத்த இளைஞர்களே, நீங்கள் செய்தது தொழில்நுட்ப உதவி மட்டும் அல்ல. உங்கள் பெற்றோர் கொடுத்துவைத்தவர்கள்.

பேச வந்தவர்களுக்கும் நன்றி. எதிரே முகங்கள் இல்லாமல் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவது எளிதல்ல. மின்சாரம் போனாலும், தெருவில் ஆம்புலன்ஸ் ஒலித்தாலும், ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தீர்கள். நகரம் பிறந்த நாளாகக் கருதப்படும் 1639 ஆகஸ்ட் 22ஐ நினைத்துக் கொண்டாடும் சென்னை தினம் வந்தபோது மரபு நடைக்கு வழியில்லை. வீட்டிலிருந்தே பழைய படங்களைக் காட்டித் தெருத்தெருவாக எங்களை அழைத்துச் சென்றீர்கள். கதை சொன்னவர்களையும் விட்டுவிட முடியாது. பள்ளிக்கூடம் மூடி, அடுக்குமாடி வீட்டில் அடைபட்டிருந்த என் பேத்தி, கதை நேரம் எப்போது என்று கேட்டுக் காத்திருப்பாள்.

அடுத்து, புத்தகம் தத்தெடுத்தவர்கள். சிதைந்த ஒரு நூலைச் செப்பனிடும் செலவை ஒருவர் ஏற்கும் இந்தத் திட்டம் பெருந்தொற்றுக்கு முன்பே உண்டு. சம்பள வெட்டும் வேலை இழப்பும் மருத்துவச் செலவும் வந்த காலத்தில், ஒரு பழைய புத்தகத்துக்காகப் பணம் அனுப்பினீர்களே, அதை என்னவென்று சொல்வது! செப்பனிட்ட நூல் ஒன்றை ஊழியர் ஒருவர் என் கையில் கொடுத்துக் காட்டினார். பூச்சி அரித்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு தாளின் மேலும் வெங்காயச் சருகைவிட மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. அதன் ஊடாக எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. புதிதாகத் தைத்த முதுகு, விரித்தால் விறைக்காமல் மேசையில் படிந்தது. உங்கள் பணம் இப்படித்தான் செலவாகியிருக்கிறது. ஒருமுறை நேரில் வந்து பாருங்கள்.

2021 மே மாதத்து இரண்டாம் அலையில் நம்மில் சிலரை இழந்தோம். அந்த வாரங்களில் எந்தக் கூட்டமும் வேண்டாம் என்று நிறுத்தியதும், பிறகு மெல்லத் தொடங்கியதும் சரியான முடிவுகள். அந்த முடிவை எடுத்தவர்களுக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நேரில் கூடத் தொடங்கிய பின்னும் திரை வழி இணைப்பைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். முழங்கால் வலியால் வெளியே வர முடியாதவர்களும், திருச்சியிலும் நாகர்கோவிலிலும் இருந்து கேட்கப் பழகியவர்களும் அதை நம்பி இருக்கிறார்கள். அதற்கு ஆகும் செலவில் என் பங்கை இந்த ஆண்டுச் சந்தாவுடன் சேர்த்து அனுப்புகிறேன்.

நன்றியுடன்,
மயிலாப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்