தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வருகிறவனுக்கு யார் சொல்வது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட லாரி உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 22 வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன் நான். முதுகு மறுத்துவிட்டதால் இப்போது கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். உங்களில் சிலருடைய வண்டி டேஷ்போர்டுக்குள் என் கை போயிருக்கும். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சி.பி. ரேடியோ, அதாவது வண்டிக்கு வண்டி நேராகப் பேசிக்கொள்கிற ‘சிட்டிசன்ஸ் பேண்ட்’ வயர்லெஸ் செட், வேண்டும். அரசு சொல்லட்டும் என்று காத்திருக்காமல் சங்கமே ஆரம்பிக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். மாம்பழக்கூழ் டிரம் ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பாளையம் சுங்கச்சாவடி தாண்டி, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மூன்றாவது கியரில் இறங்கும்போது, வளைவு திரும்பியதும் எதிரே முழுக்கச் சிவப்பு விளக்குகள். ஏதோ வண்டி குறுக்கே சாய்ந்து மொத்த டிராஃபிக்கும் நின்றிருந்தது. என் வண்டி நின்றுவிட்டது. ஆனால் எனக்குப் பின்னால்? கிளீனர் பையனிடம் டார்ச்சையும் என் சிவப்புத் துண்டையும் கொடுத்து, “மேலே ஓடுடா, வளைவு தாண்டிப் போய் வீசு” என்றேன். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேலிருந்து வந்த ஒரு டேங்கர் அவன் துண்டைப் பார்த்து, ஏர் பிரேக் சீறச் சீற, எனக்குப் பின்னால் பத்தடியில் வந்து நின்றது. அந்த டிரைவர் இறங்கி வந்து பையனைக் கட்டிப்பிடித்தார். பேச வரவில்லை அவருக்கு.

இப்போது முக்கால்வாசி வண்டியில் கிளீனரே கிடையாது. அந்தத் துண்டை யார் வீசுவது?

60 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடும். வளைவு திரும்பி 150 மீட்டரில் ஜாம் என்றால் டிரைவர் கையில் இருப்பது 9 நொடி. சூடேறிய டிரம் பிரேக், 30 டன் லோடு, சரிவு. 9 நொடியில் என்ன செய்வான்? அதே செய்தி 2 கிலோமீட்டர் முன்னால் காதில் விழுந்தால் 2 நிமிஷம். கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, ஓரம் கட்டி, பீடிகூடப் பற்றவைக்கலாம். நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களைப் பற்றி இங்கே பேசினால் மடல் வேறு பக்கம் போய்விடும். மைலேஜ் கணக்கு கேட்டு அவர்களை அந்தப் பழக்கத்துக்குத் தள்ளுவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

2020 டிசம்பரில் ஒரு சிமெண்ட் லோடு லாரி இதே இறக்கத்தில் டஜனுக்கு மேலான வண்டிகளை அடித்துத் தள்ளியது. 2024 ஜனவரியில் தொப்பூர் இரட்டைப் பாலத்தின்மேல் நடந்த விபத்தைக் கேமரா பதிவில் பார்க்காதவர் நம் தொழிலில் இருக்க மாட்டார். 4 உயிர். பிரேக் போன வண்டியை ரேடியோ நிறுத்தாது, அதை மறைக்கவில்லை. ஆனால் “பிரேக் இல்ல, விலகுங்க” என்று முன்னால் போகிறவர்களுக்குச் சொல்ல அந்த டிரைவரிடம் ஹாரனைத் தவிர இன்று வேறென்ன இருக்கிறது?

செல்போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பின்னால் வருகிற ராஜஸ்தான் வண்டிக்காரர் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? 1033க்கு அடித்தால் நெடுஞ்சாலைக்காரர்களுக்குச் செய்தி போகும், 108க்கு அடித்தால் ஆம்புலன்ஸ் வரும். இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டுமே அடுத்த வளைவில் இறங்கிக்கொண்டிருக்கிற வண்டிக்குப் போகாது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட செய்தியை வண்டியை நிறுத்தினால்தான் படிக்க முடியும், நிறுத்தியவனுக்கு அது எதற்கு? சி.பி.யில் நம்பர் வேண்டாம், டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். மைக்கை அழுத்திப் பேசினால், அந்தச் சேனலில் செட்டைத் திறந்து வைத்து எட்டும் தூரத்தில் இருக்கிற எல்லார் கேபினிலும் கேட்கும். சேனல் பொதுவானது என்பதுதான் இதன் முழு பலமும்.

இது புது ஆராய்ச்சியும் இல்லை. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, அடுத்த வருஷம் அமெரிக்கா முழுக்க மணிக்கு 55 மைல், அதாவது நம் கணக்கில் 88 கி.மீ., வேக வரம்பு போட்டபோது, அங்கே லாரிக்காரர்கள் எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்தப் பாலத்துக்கு அடியில் போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று இந்த ரேடியோவில்தான் சொல்லிக்கொண்டார்கள். கூட்டம் தாங்காமல் 1977இல் 23 சேனலை 40 ஆக்கினார்கள். 19ஆவது சேனல் லாரிக்காரர்களுடையது, 9ஆவது அவசரத்துக்கு. ஆரம்பித்த காரணம் யோக்கியமானதா என்று கேட்காதீர்கள். எதிர்வண்டிக்காரர் லைட்டை அடித்துக் காட்டினால் முன்னால் செக்கிங் என்று நாமும் புரிந்துகொள்கிறவர்கள்தானே.

நம் ரோட்டிலேயே இதற்குத் தம்பி முறையில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றாலை இறக்கை ஏற்றிய நீள ட்ரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் பைலட் வண்டியில் ஒருவர், பின்னால் ஒருவர், கையில் வாக்கி டாக்கி. “லெஃப்ட்ல பஸ் வருது, நிறுத்து”, “வா, வா, வா”. அந்த இறக்கை கிருஷ்ணகிரி வளைவில் ஒரு கீறல் இல்லாமல் திரும்புவது அந்த ரெண்டு குரலால்தான். பெரிய லோடுக்கு அந்த வசதி, மற்றவர்களுக்குத் துண்டும் டார்ச்சும் என்றால் எப்படி?

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று உங்களில் ஒருவர் போனமுறை கேட்டார். இருக்கிறது. 2005 முதல் நம் நாட்டில் சி.பி. அலைவரிசையை, 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் சக்திக்குள், லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். வெளிநாட்டு செட்டில் 40 சேனல் இருக்கும். நம் எல்லைக்குள் வருவது முதல் 27தான், மீதியைத் தொடக் கூடாது. நல்லவேளை, 9ம் 19ம் உள்ளேயே வருகின்றன. ஆனால் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஆளுக்கொன்று வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு ஒப்புதல் உள்ள செட்தானா என்று பார்த்து, சங்கம் மொத்தமாக வாங்கட்டும். கேபின் மேல் ஆன்டெனா வைப்பதற்கு விதி என்ன என்பதையும் அதே பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ரோட்டில் நிறுத்துகிற காவலரிடம் காட்ட ஒரு காகிதம் வேண்டும், நம் ஊரில் அதுதான் பேசும்.

இன்னொரு சிக்கல் மைக். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 184ஆவது பிரிவில், ஓட்டும்போது தகவல்தொடர்புக் கருவியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதும் ஆபத்தான ஓட்டுதலில் சேர்கிறது. சி.பி. மைக்கும் அதில் அடங்கும் என்று ஒரு அதிகாரி சொன்னால் மறுத்துப் பேச நமக்கு ஆதாரம் இல்லை. அதனால் முதலில் ஒரு பழக்கம் வைப்போம். கேட்பது ஓடும்போது, பேசுவது நின்றபின். ஜாமில் மாட்டி நிற்கிறவன்தானே பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல வேண்டியவன்? பிரேக் போன நேரத்தில் எவனும் பிரிவு எண் பார்க்கப் போவதில்லை.

என் தொழில் சம்பந்தமாக ஒரு வார்த்தை. லாரியில் 24 வோல்ட், இந்த செட்டுகள் பெரும்பாலும் 12 வோல்ட். நடுவில் கன்வெர்ட்டர் போடாமல் நேரடியாகக் கொடுத்தால் ஒரே நிமிஷத்தில் புகை வரும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 இழுக்கிற குறுக்குவழி ஆட்களும் இருக்கிறார்கள், அந்த பேட்டரி சீக்கிரம் சாகும். எர்த் சரியாக இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் இரைச்சல்தான் கேட்கும், மனுஷன் குரல் கேட்காது. ஸ்குவெல்ச் என்று ஒரு குமிழ் உண்டு. ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் நிற்கிற இடம் வரைக்கும் மட்டும் திருப்ப வேண்டும். அதற்கு மேல் திருப்பினால் தூரத்துக் குரலும் சேர்ந்து செத்துவிடும். முதல் வாரத்தில் எல்லாரும் இங்கேதான் தப்பு செய்வார்கள்.

மலை குறுக்கே நின்றால் சத்தம் தேயும். திறந்த ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம், கணவாயில் அவ்வளவு வராது. அதனால் நின்றிருக்கிறவர் தான் கேட்டதை அடுத்தவருக்குத் திருப்பிச் சொல்லும் பழக்கம் வேண்டும். மொழிச் சிக்கலும் உண்டு. இது காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற ரோடு, இந்தி, தெலுங்கு, கன்னடம் எல்லாம் இறங்கும். நீளமாகப் பேச வேண்டாம். “தொப்பூர், ரெட்டைப் பாலம், ஜாம்.” நாலு சொல், யாருக்குப் புரியாது? அந்தப் பக்கம் சூளகிரி, சானமாவு காட்டோரம் யானை ரோட்டைக் கடக்கிற நாட்களில் “யானை” என்ற ஒரு சொல் போதும், “ஹாத்தி” என்று இன்னொருவர் சேர்த்துக்கொள்வார்.

தொப்பூரில் உயர்மட்டச் சாலை வரப்போகிறதே, அப்புறம் எதற்கு இது என்று ஒரு ஓனர் அண்ணன் கடையில் கேட்டார். வரட்டும், சந்தோஷம். மேலுமலைக்கும் ஓசூர்ப் பனிக்கும் உயர்மட்டச் சாலை இல்லையே அண்ணா என்றேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கேட்பது பெரிதாக இல்லை. தினமும் தொப்பூர் இறங்கி ஏறுகிற வண்டிகளில் ஆரம்பியுங்கள். 19ஆவது சேனல் என்று தீர்மானம் போடுங்கள். சுங்கச்சாவடிப் பக்கம் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கிற ஏதாவது டீக்கடையில் ஒரு செட் வைக்க ஏற்பாடு செய்யுங்கள், இறக்கத்துக்கு முன் கடைசியாக வண்டிகள் நிற்பது அங்கேதான். கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடும்போது ஒரு மனுவாகவும் கொடுங்கள். ஃபிட்டிங் கூலி நான் வாங்கப் போவதில்லை. கன்வெர்ட்டர், ஒயர் காசு மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும்.

ஒப்புதல் உள்ள 2 செட் கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றைச் சுங்கச்சாவடி அருகிலும் இன்னொன்றை இரட்டைப் பாலத்தின் கீழ்ப்பக்கத்திலும் வைத்துப் பேசிப் பார்ப்போம். எங்கே கேட்கிறது, எந்த வளைவில் அறுகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டே இறங்கலாம். யார் யார் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டீக்கடையில் இட்லிக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய டிரைவர்,
லாரி வயரிங் கடை, கிருஷ்ணகிரி